கீழிருந்து மேலே: பிள்ளைகளோடு உத்தரகாண்டில் ஆறு நாள்

முதல் நாள் – ரிஷிகேஷ்

மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. இடப்பக்கம் மாநிலத்தின் பெயர், அதற்கு நேரே விலங்கு, பறவை, மரம், மலர். உத்தரகாண்ட் என்றால் கஸ்தூரி மான், மோனால், புரான்ஸ், பிரம்மகமலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். "மோனால் எங்கே இருக்கும்?" என்று கேட்டேன். "உத்தரகாண்ட்ல." உத்தரகாண்டில் எங்கே? அதற்குப் பதில் இல்லை. இந்தப் பயணத்துக்கு விதை அந்தக் கேள்விதான்.

நானும் கணவரும், ஆறாம் வகுப்பு முடித்த மகளும், மூன்றாம் வகுப்பு முடித்த என் அண்ணன் மகனும் வந்திருக்கிறோம். டெல்லியிலிருந்து ரயிலில் ஹரித்வார், அங்கிருந்து காரில் மாலை நாலு மணிக்கு ரிஷிகேஷ். ஊரிலிருந்தே ஒரு பெரிய சார்ட் அட்டை சுருட்டிக்கொண்டு வந்தேன். அதில் இடப்பக்கம் மாநிலத்தின் எல்லைக்கோடு மட்டும் இருக்கிறது. உள்ளே எதுவும் இல்லை. வலப்பக்கம் ஓர் ஏணி, அடியில் சுழியம், உச்சியில் 8000 மீட்டர். பார்ப்பதை எல்லாம் இரண்டு இடத்திலும் குறிக்க வேண்டும், எங்கே என்று வரைபடத்திலும் எவ்வளவு உயரத்தில் என்று ஏணியிலும்.

உத்தரகாண்டைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏணி இல்லாமல் முடியாது என்று நினைக்கிறேன். பரப்பளவு 53,483 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டுக்குள் இரண்டு உத்தரகாண்டை வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் தெற்கே சால மரக் காடு, வடக்கே திபெத் எல்லையில் பனி. இடையில் ஆயிரக்கணக்கான மீட்டர் உயரம் ஏறுகிறது. தட்டையான வரைபடத்தில் அது தெரியாது.

மாலையில் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். மே மாத வெயிலில் நடந்து வந்து தண்ணீரில் கால் வைத்ததும் பையன் அலறிவிட்டான். "அத்தை, ஐஸ் தண்ணி!" பனி உருகி வந்த தண்ணீர் என்று சொன்னேன். போனில் உயரம் காட்டும் செயலி 400-க்கும் கீழே காட்டியது. ஏணியில் முதல் புள்ளி வைத்தாயிற்று.

திரும்பும் வழியில் ஓர் அரசு அறிவிப்புப் பலகையில் மாநில முத்திரை இருந்தது. மூன்று சிகரங்கள், நடுச் சிகரத்தின் மேல் அசோகரின் சிங்கங்கள், கீழே கங்கையின் நான்கு அலைகள். பையன் அலைகளை விரல்விட்டு எண்ணினான். மலையும் ஆறும்தான் இந்த மாநிலம் என்று அந்த முத்திரையே சொல்லிவிடுகிறது. 2000 நவம்பர் 9 அன்று உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிந்தது. மலை மக்கள் தனி மாநிலம் கேட்டுப் போராடி வாங்கியது. முதலில் உத்தராஞ்சல் என்று பெயர், 2007-இல்தான் உத்தரகாண்ட் ஆனது. சரி, நாளை மலை ஏறுகிறோம்.

இரண்டாம் நாள் – தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை

ஓட்டுநர் தம்பி சமோலி மாவட்டத்துக்காரர், இருபத்தைந்து வயது இருக்கும். வண்டியில் ஏறியதும் என் மகளைப் பார்த்து "புலி" என்று கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவரைப் பார்த்தேன். கட்வாலி மொழியில் தங்கைக்கு அதுதான் சொல்லாம். தம்பி என்றால் "புல்லா", அண்ணன் என்றால் "பைஜி". அதிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் பைஜி. என் மகளுக்கோ புலி என்ற பெயரை விட மனமில்லை.

ரிஷிகேஷிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. சாலையின் மேலிருந்து பார்த்தபோதே இரண்டு நிறம் தெரிந்தது. ஒரு பக்கம் பச்சையாக பாகீரதி, மறு பக்கம் சேறு கரைத்த சாம்பல் நிறத்தில் அலக்நந்தா. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டாமலே ஓடுகின்றன. பாகீரதியின் வண்டலை மேலே உள்ள டெஹ்ரி அணை பிடித்துக்கொள்கிறது என்றார் பைஜி. இந்தியாவிலேயே உயரமான அணை அது, 260.5 மீட்டர்.

படிகளில் இறங்கி சங்கமம்வரை போனோம். கரையில் இரும்புச் சங்கிலி கட்டி வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்க முடியும். பாகீரதி இரைச்சலோடு வருவதால் மாமியார், அலக்நந்தா அடக்கமாக வருவதால் மருமகள் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். "அப்போ மாமியார் பேரே கங்கைன்னு ஆயிடுச்சா?" என்று மகள் கேட்டாள். இல்லை, இருவர் பெயரும் இங்கே முடிகிறது. கங்கை என்ற பெயர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதினாள்.

மேலே ரகுநாதர் கோயில். நம் ஊர் வைணவர்களுக்கு இது 'கண்டமென்னும் கடிநகர்', பெரியாழ்வார் பாடிய தலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஒருவர் இந்தச் சங்கமத்தைப் பாடியிருக்கிறார் என்றதும் பையன் அட்டையில் வரைபடத்துக்கு வெளியே, ரொம்பக் கீழே, ஒரு புள்ளி வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதினான். அளவு சரியில்லைதான். நான் திருத்தவில்லை.

அதன் பிறகு பயணம் கடினமாகிவிட்டது. வளைவுகளில் பையன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஓரிடத்தில் மேலிருந்து கல் சரிந்து, ஒன்றரை மணி நேரம் வண்டிகள் நின்றன. இமயமலை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மலை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல இறுகிப்போன பழைய பாறை இல்லை. அதனால்தான் இந்தச் சரிவு. புத்தகத்தில் 'இளம் மடிப்பு மலை' என்று படித்தது இதுதான் என்று சொன்னபோது மகள் சாலையோரத்துப் பாறையைத் தொட்டுப் பார்த்தாள், கையோடு உதிர்ந்து வந்தது. வழி நெடுக, ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகை வரை 125 கிலோமீட்டருக்குப் போடும் ரயில் பாதைக்காகச் சுரங்கம் தோண்டுகிறார்கள். அதில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்துக்குள்தான். அந்தப் பாறையைப் பார்த்த பிறகு எனக்கு அது கவலையாகவே இருக்கிறது.

இரவு ருத்திரப்பிரயாகை. கேதார்நாத்திலிருந்து வரும் மந்தாகினி இங்கே அலக்நந்தாவோடு சேர்கிறது. 2013 ஜூனில் இந்த மந்தாகினிதான் பெருகி வந்து கரையோர ஊர்களை அடித்துப் போனது. அப்போது தானும் பள்ளிக்கூடப் பையன் என்று சொல்லிவிட்டு பைஜி நிறுத்திக்கொண்டார். நாங்களும் மேலே கேட்கவில்லை.

மூன்றாம் நாள் – சோப்தா

மந்தாகினிக் கரையோடு ஏறும் பாதையில் ஓர் ஊர்ப் பலகை, அகஸ்தியமுனி. பிள்ளைகளால் நம்ப முடியவில்லை. "நம்ம பொதிகை மலை அகத்தியரா?" அவரேதான். இங்கே அவருக்குக் கோயிலே இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே வந்தார் என்று கதை கேட்டிருக்கிறோமே, அவர் கிளம்பிய பக்கத்து ஊர் ஒன்றைப் பார்ப்பது எனக்கே சிலிர்ப்பாகத்தான் இருந்தது.

உகிமடத்தில் கொஞ்சம் நின்றோம். கேதார்நாத் பனியில் மூடும் ஆறு மாதமும் சுவாமிக்குப் பூஜை நடப்பது இந்த ஊர்க் கோயிலில். குளிர்காலத்தில் சுவாமியும் கீழே இறங்கி வந்துவிடுகிறார் என்பதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

அதற்கு மேல்தான் இன்றைய பாடம். 1500 மீட்டர் வரை எங்கு பார்த்தாலும் சீட் என்று இவர்கள் சொல்லும் ஊசியிலை மரம். கீழே காய்ந்த ஊசிகள் மெத்தைபோல் கிடக்கின்றன. அதற்கு பிரூல் என்று பெயர். ஒரு தீக்குச்சி போதும். எதிர் மலையில் புகை எழுந்துகொண்டிருந்தது. கோடையில் இந்த மாநிலத்துக் காடு எரிவதற்கு இந்தப் பிரூல் ஒரு பெரிய காரணம். இன்னும் ஏறினால் பாஞ்ச் என்னும் ஓக் மரங்கள், ஈரம், பாசி, ஊற்று. பாஞ்ச் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும் என்றார் பைஜி. சன்னலை இறக்கியதும் காற்றே மாறியிருந்தது.

அந்த பாஞ்ச் மரங்களுக்கு நடுவில்தான் புரான்ஸ். கீழே சிவப்புப் பூக்கள் முடிந்துவிட்டன, மரத்தடியில் வாடிக் கிடந்தன. மேலே போகப் போக மரத்திலேயே இளஞ்சிவப்பாக மிச்சம் இருந்தது. ஒரே மரம், உயரம் கூடக்கூட நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது.

பையன் இலையைத் திருப்பிப் பார்த்தான். "அத்தை, இது ஊட்டியில பார்த்த மரம்!" எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. போன வருடம் தொட்டபெட்டா பக்கம் பார்த்த காட்டுப் பூவரசு. அதே இனம், நீலகிரியில் ஒரு கிளைவகையாக நிற்கிறது. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளி. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் தெற்குவரை பரவிய மரங்கள், சூடேறியதும் மலை உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டன என்று தாவரவியல் அறிஞர்கள் சொல்வார்கள். நம் மாநில விலங்கு வரையாட்டையும் இங்குள்ள இமாலய வரையாட்டையும்கூட வெகுகாலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். மகள் இன்று ஏணியில் 2000 மீட்டரை ஒட்டி ஒரு பூ வரைந்து, பக்கத்தில் 'ஊட்டியிலும்' என்று எழுதினாள்.

வழிக்கடையில் புரான்ஸ் சர்பத் குடித்தோம், ரத்தச் சிவப்பு, லேசான புளிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு மண்டுவா ரொட்டி, கஹத் பருப்பு. ரொட்டியின் நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கேழ்வரகு. கஹத் நம் கொள்ளு. பாயசம் ஜங்கோரா என்றார்கள், வாயில் வைத்தால் குதிரைவாலி. வீட்டில் கேழ்வரகு அடையைத் தள்ளிவைக்கும் பையன் இங்கே மூன்று ரொட்டி சாப்பிட்டான்.

சோப்தாவில் செயலி 2600-ஐத் தாண்டிக் காட்டுகிறது. முன்பதிவு செய்த கூடாரத்தில் சொன்னபடி வெந்நீரும் இல்லை, போதிய கம்பளியும் இல்லை. பிள்ளைகள் இருவரையும் நடுவில் போட்டுப் படுக்க வேண்டியதுதான். ஆனால் வெளியே வந்தால் நிலா வெளிச்சத்தில் சௌகம்பா சிகரம் நிற்கிறது.

நான்காம் நாள் – துங்கநாத்

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சோப்தாவிலிருந்து துங்கநாத் கோயிலுக்குக் கல் பாவிய பாதை, நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் மூச்சு வாங்குகிறது. பத்து அடிக்கு ஒருமுறை நின்றோம்.

முதல் ஒரு கிலோமீட்டருக்கு மரம் இருந்தது. பிறகு மரங்கள் குள்ளமாகி, புதர்போல் வளரும் வேறொரு வகை புரான்ஸ் வெளிறிய ஊதாவில் பூத்திருந்தது. அதற்கும் மேலே மரமே இல்லை. புல்வெளி, இங்கே புக்யால் என்கிறார்கள். மரம் நிற்கும் இடத்தில் ஏணியில் ஒரு கோடு போடச் சொன்னேன். "மரமெல்லாம் பேசி வச்சுக்கிட்டு ஒரே உயரத்துல நின்னுடுச்சா?" என்றான் பையன். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. குளிர் வரைந்த கோடு அது.

அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேதான் மோனாலைப் பார்த்தோம். முதலில் எங்கிருந்தோ விசில் சத்தம். பிறகு சரிவில் ஒரு கறுப்புக் கோழிபோல் ஏதோ மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தது. இதுவா என்று ஏமாற்றத்தோடு நின்றோம். மேகம் விலகி வெயில் அதன்மேல் பட்டது, அவ்வளவுதான். தலை பச்சை, கழுத்து செம்பு, முதுகு நீலம். மயில்கழுத்துப் பட்டை வெளிச்சத்தில் அசைத்தால் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுமே, அந்த ஓட்டம். தலையில் மயிலுக்கு இருப்பதுபோலவே கொண்டை. யாரும் பேசவில்லை. ஒரு மட்டக்குதிரை மணியாட்டிக்கொண்டு வந்ததும், வெள்ளை முதுகையும் செம்பழுப்பு வாலையும் காட்டிக்கொண்டு சரிவோடு கீழே பறந்துபோயிற்று. பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில் பெட்டை இருந்ததை அது பறந்தபோதுதான் கவனித்தோம். நேபாளத்துக்கு இது தேசியப் பறவை. இமாச்சலத்துக்கும் 2007 வரை இதுதான் மாநிலப் பறவையாக இருந்தது. பறவைக்கு எல்லைக்கோடு ஏது, அதற்குத் தெரிந்தது உயரம் மட்டும்தான்.

கோயில் 3600 மீட்டருக்கு மேலே. பஞ்சகேதாரங்கள் என்னும் ஐந்து சிவன் கோயில்களில் ஒன்று. நடை திறந்து சில நாட்கள்தான் ஆகின்றன, வழியில் இன்னும் பனித்திட்டுகள் கிடக்கின்றன. பிள்ளைகள் முதல் முறையாகப் பனியைத் தொட்டார்கள். கல் இடுக்கில் பைக்கா என்ற வாலில்லாத குட்டிப் பிராணி வந்து வந்து எட்டிப் பார்த்தது. எலிபோல் இருந்தாலும் முயலுக்குத்தான் சொந்தம். பையன் அதை விட்டு நகர மறுத்ததால் அவனும் மாமாவும் கோயிலில் தங்க, நானும் மகளும் அதற்கு மேலே சந்திரசிலா உச்சிக்கு ஏறினோம். அங்கே நின்று அவள் கேட்ட முதல் கேள்வி நந்தாதேவி எது என்பதுதான். கிழக்கே, இரட்டை முடிபோல. 7816 மீட்டர். கஞ்சன்ஜங்காவை நேபாளத்தோடு பகிர்ந்துகொள்கிறோம், முழுக்க இந்தியாவுக்குள் இருப்பதில் உயரமானது இதுதான். ஏணியின் உச்சிப் படியை விரலால் தொட்டுக் காட்டினாள். நாங்கள் நின்ற இடம் அதில் பாதிதான்.

கஸ்தூரி மான் கண்ணில் படவில்லை. படும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. இந்தக் காடு கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. 1972-இல் இதை ஏற்படுத்தியதே பெரும்பாலும் அந்த மானுக்காகத்தான். கொம்பு கிடையாது, ஆணுக்கு இரண்டு கோரைப்பல் வெளியே நீண்டிருக்கும். வயிற்றுப் பையில் ஊறும் வாசனைக்காக மனிதர்கள் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். "வீட்ல கஸ்தூரி மஞ்சள் இருக்கே, அதுல மான் இருக்கா?" என்று கேட்டு மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லை கண்ணே, அது வெறும் கிழங்கு, வாசனைக்காக அந்தப் பெயர் என்று சொல்லித் தேற்றினேன்.

அப்புறம் பிரம்மகமலம். எங்கள் அம்மா வீட்டு மாடியில் தொட்டியில் இருக்கிறது, இரவில் பூக்கும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். மகளுக்கு அதுதான் இது. கடையில் மலைத் தொப்பியில் குத்தியிருந்த பிரம்மகமல வில்லையைக் காட்டி விளக்கினேன். நம் வீட்டில் இருப்பது அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி வகை. இங்குள்ள பிரம்மகமலம் சூரியகாந்திக் குடும்பம், 3500 மீட்டருக்கு மேல் பாறைச் சரிவில் வளர்வது. வெளியே இதழ்போல் தெரியும் மெல்லிய வெளிர்மஞ்சள் இலைகள், உள்ளே இருக்கும் சின்ன ஊதாப் பூக்களைக் குளிரிலிருந்து கூடாரம்போல் மூடிக் காக்கின்றன. நேற்று இரவு கம்பளி போதாமல் படுத்த பிள்ளைகளுக்கு அது உடனே புரிந்தது. ஆனால் பூப்பது ஜூலைக்குப் பிறகு, மழைக்காலத்தில். அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஐந்தாம் நாள் – மண்டல், கர்ணப்பிரயாகை

சோப்தாவிலிருந்து கோபேஷ்வர் இறங்கும் பாதை அடர்ந்த காடு. கோபேஷ்வருக்கு முன்னால் மண்டல் என்ற சின்ன ஊர். இங்கே இறங்கியே ஆக வேண்டும் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

1973-இல் இந்த ஊர்க்காரர்கள் ஏர் செய்ய மரம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதே மரங்களை விளையாட்டுச் சாமான் செய்யும் கம்பெனிக்கு வெட்டக் கொடுத்தது வனத்துறை. காந்தியவாதி சண்டி பிரசாத் பட்டும் கோபேஷ்வரில் அவரோடு இருந்தவர்களும் ஊராரைத் திரட்டினார்கள். வெட்ட வந்தால் மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்றார்கள். கம்பெனி ஆட்கள் திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில், இதே சமோலி மாவட்டத்தின் ரேணி கிராமத்தில், ஆண்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வெட்ட வந்தவர்களை கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மறித்து நின்று திருப்பி அனுப்பினார்கள். இதற்குத்தான் சிப்கோ இயக்கம் என்று பெயர். சிப்கோ என்றால் 'ஒட்டிக்கொள்'.

மாநிலச் சின்னங்களின் பட்டியலில் இது கிடையாது. என்னைக் கேட்டால் முதலில் சேர்க்க வேண்டியது இதுதான். மரம் இருந்தால்தான் மண் நிற்கும், மண் நின்றால்தான் மலைச்சரிவில் வீடு நிற்கும் என்று படிக்காத பெண்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் கையில் உதிர்ந்த பாறையைப் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்தினேன். இரண்டு பேரும் போய் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். இருவர் கையும் சேர்ந்தும் சுற்றளவு எட்டவில்லை. பைஜி போய் மிச்சத்தைப் பிடித்தார்.

மதியம் நந்தப்பிரயாகை, மாலை கர்ணப்பிரயாகை. நந்தாகினியும் பிண்டரும் அலக்நந்தாவில் சேர்வதைக் குறித்தாயிற்று. பிரயாகை என்றால் ஆறுகள் கூடும் இடம், ஐந்து பிரயாகைகளில் நான்கு பார்த்தாயிற்று. விஷ்ணுப்பிரயாகை ஜோஷிமடத்துக்கு அப்பால், இந்த முறை இல்லை.

இரவு பைஜி நந்தாதேவி ராஜ ஜாத் பற்றிச் சொன்னார். இங்கிருந்து பக்கத்தில் உள்ள நௌட்டி கிராமத்திலிருந்து பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிளம்பும் யாத்திரை, கடைசியாக நடந்தது 2014-இல். நந்தாதேவி இந்த ஊர்ப் பெண், சிவன் வீட்டுக்குப் புகுந்தவள். பிறந்த வீட்டுக்கு வந்தவளைச் சீர்வரிசையோடு கொண்டுபோய் விடுவதுதான் யாத்திரை. நாலு கொம்பு ஆடு ஒன்று முன்னால் போகுமாம். ஓரிடத்தில் மனிதர்கள் நின்றுவிட, ஆடு மட்டும் சீரைச் சுமந்துகொண்டு பனிக்குள் தனியே போகுமாம். வழியனுப்பும் பெண்கள் அழுதுகொண்டே பாடுவார்கள் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியது. நேற்று அந்தச் சிகரத்தைப் பார்த்தது எனக்கு இப்போது வேறு மாதிரி இருக்கிறது.

ஆறாம் நாள் – கைர்சைண் வழியாக ராணிகேத்

இந்த மாநிலம் கட்வால், குமாவுன் என்று இரண்டு பகுதி. இன்று கட்வாலிலிருந்து குமாவுனுக்குக் கடந்தோம். பதின்மூன்று மாவட்டங்களில் ஏழு அந்தப் பக்கம், ஆறு இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் கைர்சைண். இதைத்தான் தலைநகராக்க வேண்டும் என்று மாநிலம் கேட்டுப் போராடியவர்கள் விரும்பினார்கள். டேராடூன் சமவெளிப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, மலைக்காரர்களுக்குத் தூரம். 2020-இல் கைர்சைணைக் கோடைக்காலத் தலைநகராக அறிவித்தார்கள். பையன் இரண்டு ஊருக்கும் வட்டம் போட்டுவிட்டு எது பெரிய வட்டம் என்று பைஜியிடம் கேட்டான். அவர் வண்டியை நிறுத்தி, பேனாவை வாங்கி, கைர்சைணின் வட்டத்தை இன்னொரு முறை சுற்றினார்.

ராணிகேத்தில் மாலை மேகம் விலகியபோது வடக்கே மறுபடியும் நந்தாதேவி. துங்கநாத்தில் கிழக்கே தெரிந்த அதே சிகரம். மகள் அட்டையைத் தரையில் விரித்து இரண்டு இடத்திலிருந்தும் ஸ்கேலால் கோடு இழுத்தாள். கோடுகள் சரியாக ஒரு புள்ளியில் சேரவில்லை, பக்கத்தில் சேர்ந்தன. நாளை காத்கோதாம் இறங்கி ரயில் ஏற வேண்டும், அதனால் அட்டையைச் சுருட்டி வைத்தேன். சுருட்டும்போதுதான் பார்த்தேன், ஏணியில் 4000-க்குப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டத்தில் பென்சிலால் 'ஆகஸ்ட்' என்று எழுதியிருக்கிறாள்.